மூன்றாவது மாடியில் அடித்த மணி

கிடர்பூரில் அந்தக் கட்டடத்துக்கு நான் போனது வெறும் வேடிக்கை பார்க்கத்தான், மறைப்பானேன். மூன்றாவது மாடியில் ஒரு பெண் கொலையானதும், கொன்றவன் இன்றுவரை அகப்படாததும் கல்கத்தாவில் எல்லோருக்கும் தெரியும். இத்தனை வருஷம் கழித்தும் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள்.

லிஃப்ட்காரர் ஒல்லியான மனிதர். காக்கிச் சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். நான் போனில் பேசியதைக் கேட்டு, "தமிழா சார்? எங்கப்பா இங்க கார்டன் ரீச்ல ரயில்வேல இருந்தார்" என்றார்.

ஐந்தாவது மாடிக்கு ஏறும்போது, யாரும் அழைக்காமலே மூன்றாவதில் நிறுத்தினார். இரும்புக் கதவை இழுத்துத் திறந்து, ஆளில்லாத நடையைப் பார்த்துவிட்டு மூடினார். இறங்கும்போதும் அப்படியே செய்தார்.

"யாருக்காக நிறுத்தறீங்க?" என்று கேட்டேன்.

"கொலை நடந்த அன்னைக்கு இங்கேருந்து பெல் அடிச்சது சார். நான் கீழே இருந்தேன். கையில சூடா டீ. குடிச்சிட்டுத்தான் மேலே வந்தேன். யாரும் இல்ல."

"அந்தப் பொண்ணா அடிச்சது?"

"அவங்களா இருக்கலாம். கொன்னுட்டுக் கீழே இறங்க நின்னவனா இருக்கலாம்."

"போலீஸ்ல சொல்லலையா?"

"மேலே யார் போனாங்கன்னுதான் கேட்டாங்க. யார் கூப்பிட்டாங்கன்னு கேக்கவே இல்ல சார்."

வாசலில் ஒரு ஜோடி மூன்றாவது மாடி ஜன்னலைப் படமெடுத்துக்கொண்டிருந்தது. தெருமுனையில் மண்குவளையில் டீ வாங்கினேன். குடிக்கத் தோன்றவில்லை. அது ஆறுவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.