மேல்வீட்டில் கதைத்த பாரிஸ்

2004 ஜூலை முதலாம் திகதி, மத்தியானம். பாரிஸிலிருந்து ஏழு மணித்தியாலம் பறந்து மொன்றியலின் டோர்வால் விமான நிலையத்தில் இறங்கினேன். தங்கச்சி ரெஜினா இருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸுக்கு டாக்ஸியில் இருபத்தைந்து டொலர். வழிநெடுக நடைபாதையில் மெத்தைகள், அலுமாரிகள், ஒரு நிலைக்கண்ணாடி. வீடுகளில் திரையில்லாத யன்னல்கள். ஊரையே யாரோ துரத்திவிட்டதுபோல் இருந்தது.

"என்ன நடந்தது இங்கே?" என்று சாரதியிடம் பிரெஞ்சில் கேட்டேன்.

"ஒன்றுமில்லை, மதாம். வாடகை ஒப்பந்தமெல்லாம் நேற்றோடு முடிந்தது. மொன்றியல் முழுக்க ஒரே நாளில் வீடு மாறும்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெறிச்சோடிய தெருவைக் கண்டாலே எனக்குப் போன ஓகஸ்ட்தான் ஞாபகம். பாரிஸ் வெயிலில் வயது போனவர்கள் பூட்டிய அறைகளில் செத்துக் கிடந்தபோது, பிரான்ஸ் ஜனாதிபதி இதே கியூபெக்கில் விடுமுறையில் இருந்தார். பாரிஸில் நான் இருக்கும் கட்டடத்து ஆறாம் மாடிக் கிழவி செத்த பிறகும் அவவின் ரேடியோ பாடிக்கொண்டே கிடந்தது.

பின்னேரம் ரெஜினா வீட்டுக் குசினியில் தேத்தண்ணி. சரியான புழுக்கம். தலைக்கு மேலே ஒரு ரீவி பிரெஞ்சில் கதைத்தது. காது கொடுத்தேன். அட, எங்கள் பாரிஸ் அரசியல்வாதி ஒருவர்! மருத்துவக் காப்புறுதி பற்றிய விவாதம். "ஒரு குடிமகனையும் கைவிட மாட்டோம்" என்றார்.

"மேல ஆரடி?"

"பிரான்ஸ்காரக் கிழவர், அக்கா. சென்ட் லோரன்ட்ல விமான பாக்டரியில வேலை செய்து பென்சன் எடுத்தவர். தனிய இருக்கிறார். ரீவி கேட்டா ஆள் சுகமா இருக்கிறார் எண்டுதான் எங்கட நினைப்பு."

அடுத்த நாளும் மேலே அதே கதை. காலடிச் சத்தம் இல்லை. குழாய் திறக்கும் சத்தமும் இல்லை. அவருக்குப் பாண் வாங்கிக் கொடுக்கும் பக்கத்து வீட்டார் முதல்நாள்தான் வீடு மாறிப் போனார்கள் என்று ரெஜினா சொன்னதும் நான் கதிரையை விட்டு எழும்பினேன்.

"எழும்படி! ரீவி கதைச்சா மனிசன் உயிரோட எண்டு எந்த மடையன் சொன்னவன்?"

வெளிப்படிக்கட்டால் ஏறித் தட்டினோம். உள்ளே பலர் கைதட்டினார்கள். அதுவும் ரீவிதான். கதவு பூட்டியிருக்கவில்லை.

அறை பாண் சுடும் போறணை மாதிரிச் சுட்டது. நீல வெளிச்சத்தில் கிழவர் தரையில் கிடந்தார், கண்கள் திறந்தபடி. "யேசுவே!" என்று ரெஜினா என் கையைப் பிடித்தாள். முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"முசியே, கேட்கிறதா?"

கண்கள் மட்டும் ரீவியை விட்டு மெல்ல என் பக்கம் திரும்பின. ரெஜினா அம்புலன்ஸைக் கூப்பிட ஓடினாள். நான் துவாயை நனைத்து அவர் முகத்தில் ஒற்றினேன்.

நான் திரும்பும் நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிழைத்துவிட்டார். விழுந்தவருக்கு எழும்ப முடியவில்லையாம்.

"பயப்படவில்லை, மதாம். கைவிட மாட்டோம் என்று ரீவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்" என்றவர், என் கையைப் பிடித்தார். "உங்கள் பேச்சு பாரிஸ் பேச்சு. அரசாங்கம்தானே உங்களை அனுப்பியது?"

ரெஜினா என்னைப் பார்த்தாள். அங்கேயும் இங்கேயும் வரி கட்டின மனிசன். எப்படி இல்லை என்பது?

"ஓம், முசியே. அவர்கள்தான் அனுப்பினார்கள்."

பொய் சொன்னதற்கு எனக்கு வெட்கமில்லை. தலைவர்மார் தாங்களே வந்து படியேற வேண்டாம், ஏறிப் பார்க்க ஒருவரை அனுப்பலாம்தானே? விமானம் பாரிஸில் இறங்கும்வரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்த மனிசன் கண் கலங்க நன்றி சொன்னது அவர்களுக்கு.