நெடுந்தீவில் எங்கள் கிழமை

தீவில் குடியிருக்கும் ஒரு குடும்பம் விடுமுறையைக் கழிக்க இன்னொரு தீவில் வீடு தேடியது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நாரந்தனையில் எங்கள் வீட்டுக் கொடியில் உடுப்புக் காயப்போட்டாலே உப்புக்காற்று வந்து தடவிவிட்டுப் போகும். கடலில் எங்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. ஆனாலும் தேடினோம். எல்லாம் லண்டனிலிருந்து வந்த அத்தானால் வந்த வினை.

அத்தான் என் கணவரின் மூத்த அண்ணன். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் பதுளையில் இருந்த அவருடைய கடை எரிந்த கையோடு லண்டன் போனவர். இந்திய ராணுவம் கப்பலேறிப் போய், சண்டை ஓய்ந்துவிட்டது என்று எல்லோரும் நம்ப ஆசைப்பட்ட அந்தத் தொண்ணூறாம் ஆண்டுப் பங்குனியில் வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்தபோது உருகிப்போன சொக்கிலேற்றுகளுக்கு நடுவே ஒரு பளபளப்பான புத்தகம் இருந்தது. அட்டையில் நீலக் கடலும் வெள்ளை வீடுகளும்.

"ஸ்பெயினிலை இடம் வாங்கியிருக்கிறன் அம்மா. டைம்ஷெயார்."

"கதிரையோ?" என்று கேட்டார் மாமி. 'ஷெயார்' அவர் காதில் 'செயர்' என்று விழுந்திருந்தது.

"கதிரையில்லை. வீடு. வருசத்திலை ஒரு கிழமை, ஏழு நாள், அது எங்கடை."

"மிச்சக் கிழமையள்?"

"மற்ற ஆக்களின்ரை."

"ஆர் அவை?"

"தெரியாது. வெள்ளைக்காரர்."

மாமி வெற்றிலையை மடித்தபடியே யோசித்தார். "முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் படுத்தெழும்பின கட்டிலிலையோ நீ காசு குடுத்துப் போய்ப் படுக்கிறாய்?"

"விரிப்பு மாத்துவினம் அம்மா."

"அவை மாட்டிறைச்சி காய்ச்சின சட்டி?"

மடக்கிவிட்டால் புதிய திட்டம் ஒன்றைச் சொல்வது அத்தானின் பழக்கம். நாங்களும் அப்படி ஒரு வீட்டைப் பொதுவாக எடுத்தால் என்ன என்றார். அயல்தீவில் ஒரு நல்ல வீடு. மாமிக்கு ஒரு கிழமை, அவருக்கு ஒன்று, மச்சாள் குடும்பத்துக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. ஆளையாள் இடிக்காமல் ஆறுதலாக இருந்துவிட்டு வரலாம். மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை. எங்களுக்கு இரண்டு வேலி தள்ளிக் கணவரோடும் மூன்று பிள்ளைகளோடும் குடியிருந்தவள். சாப்பாட்டு நேரத்தில் அந்த வேலிகள் இருப்பது யாருக்கும் தெரிவதில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குக் கல்யாணமாகி நாலாவது வருடம். எங்கள் அறை மாமியின் அறைக்கும் சாமியறைக்கும் நடுவில் இருந்தது. விடிய முன்னம் விளக்கேற்றப் போகும் மாமி எங்கள் அறைக்குள்ளால்தான் தேவாரம் பாடிக்கொண்டு போவார். கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. பகலில் நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன், அவர் கந்தோர் வேலையில் இருந்தார். பின்னேரம் வீடு நிறைய ஆட்கள். புருசனோடு மனம்விட்டுக் கதைக்க எனக்கு வாய்த்த ஒரே இடம் யாழ்ப்பாணம் போகும் பஸ். அதிலும் சீற் கிடைத்தால்தான். ஸ்பெயின் என்ற நாட்டின் மேல் அன்று எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

முதலில் நயினாதீவு போனோம். குறிகாட்டுவான் துறையில் லோஞ்ச் படகு ஏறி இறங்கியதும், வீட்டைப் பார்க்க முன்னம் அம்மாளைப் பார்க்க வேண்டும் என்றார் மாமி. வீடும் கோயில் வீதியிலேயே இருந்தது. கனடாவுக்குப் போனவர்களின் வீடு. பெரிய கூடம், நல்ல கிணறு, காற்றுக்கும் குறைவில்லை. மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. படுக்கையில் கிடந்தபடியே கோயில் மணி கேட்கலாமே!

மச்சாள் கூடத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். "திருவிழா தொடங்கினால் எங்கடை சொந்தக்காரர் முழுப்பேரும் பாயோடை இஞ்சைதான் வந்து நிப்பினம். ஆரை நாங்கள் வராதேங்கோ எண்டு சொல்லுறது? இது வீடில்லை அம்மா, மடம்."

அத்தானுக்கு வேறு கவலை. "இஞ்சை நண்டு காய்ச்ச ஏலுமோ?"

"அம்மாள் பக்கத்திலை இருக்கிறா. உனக்கு நண்டு கேக்குதோ?"

"அம்மா, நான் லண்டனிலையிருந்து வந்ததே நண்டுக்குத்தான்."

பெற்ற தாயைப் பார்க்க வந்தேன் என்று முதல் நாள் சொன்னவர் அவர். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்துடன் நயினாதீவு கைவிட்டுப் போனது. சந்நிதியில் நான் கும்பிட்டதும் அதற்காகத்தான்: 'தாயே, உனக்குப் பக்கத்தில் மட்டும் வீடு வேண்டாம்.' அம்மாள் கோபிக்காமல் செய்து தந்தாள்.

அடுத்த சனிக்கிழமை நெடுந்தீவு. அது கொஞ்சம் நீண்ட ஓட்டம். பாதி வழியில் அத்தான் சத்தி எடுக்கத் தொடங்கினார். "ஸ்பெயினுக்குப் பிளேனிலை போறது" என்று ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து எங்களுக்கு விளக்கினார். துறையில் இறங்கியதும் பார்த்தால் வெட்டவெளி, பனை, அடுக்கி வைத்த முருகைக்கல் வேலிகள். தூரத்தில் குதிரைகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. எங்களைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

வீடு சின்னது. இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, பின்னால் ஒரு கொட்டில், சில ஆடுகள். உள்ளறைக் கதவைத் திறந்து பார்த்தேன். உட்பக்கத்தில் பனங்குற்றி போலத் தடித்த மரத் தாழ்ப்பாள் ஒன்று இருந்தது. எனக்கு வீடு பிடித்துவிட்டது. கூரையைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கார அக்கா ஐம்பது தாண்டியவர், கணவனை இழந்தவர். மகள் வவுனியாவில். எங்களை வரிசையாக இருத்திவிட்டு அவர்தான் கேள்வி கேட்டார்.

"உங்களுக்குச் சொந்த வீடு இருக்கோ?"

"ஓம்" என்றார் என் கணவர்.

"ஒழுகுதோ?"

"இல்லை அக்கா."

"அப்ப ஏன் என்ரை வீட்டிலை வந்து இருக்கப் போறியள்?"

"ஓய்வெடுக்க" என்றார் அத்தான்.

அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "அப்பிடி என்ன வேலை செய்து களைச்சுப்போனியள்?"

அத்தான் அதற்குள் ஸ்பெயினுக்குப் போய்விட்டார். அங்கே எல்லாம் சட்டப்படிதானாம். ஒரு கிழமைக்கு ஒரு குடும்பம். மற்றப் பங்காளிகள் அந்தக் கிழமை வாசல்படி மிதிக்கக்கூடாது. அக்கா தலையாட்டிக் கேட்டார். தான் பின்கொட்டிலில் இருப்பேன் என்றும், ஆடுகளுக்கு யாரும் கல்லெறியக்கூடாது என்றும் சொன்னார். வாடகையும் பேசி முடிந்தது.

கிழமை பிரித்ததுதான் பெரிய கூத்து. மார்கழியில் மழையும் கடல் கொந்தளிப்பும் என்று அதை ஒருவரும் தொடவில்லை. அத்தானுக்கு அடுத்த வருட ஆடி வேண்டும். மாமி ஆவணியில் ஒரு கிழமையைக் கேட்டார். அதே கிழமையை மச்சாளும் கேட்டாள். தாயும் மகளும் இரண்டு நாள் முகம்பார்த்துக் கதைக்கவில்லை. சித்திரை வெயிலில் நெடுந்தீவில் கருவாடுதான் காயும் என்று, மிஞ்சிய சித்திரையை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். பள்ளிக்கூட விடுமுறையும் அப்போதுதான். நான் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டேன்.

வருடப்பிறப்பு முடிந்து நாங்கள் இரண்டு பேரும் புறப்பட்டோம். முதல்நாள் முழுக்க எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெண்பார்க்க வந்தவர்கள் மாதிரி எதிரெதிரே இருந்தோம். "தேத்தண்ணி போடட்டோ?" என்று நான் கேட்க, "போடும், போடும்" என்றார் அவர். மூன்று தேத்தண்ணிக்குப் பிறகுதான் கதை வந்தது. சின்ன வயதில் கூத்தில் பெண்வேஷம் கட்டியதையும், ஆட்டத்தின் நடுவில் சீலை அவிழ்ந்ததையும் சொன்னார். எனக்குச் சிரித்துப் புரையேறியது. நாலு வருடமாக இந்த மனிசன் எங்கே இருந்தார் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் வாசலில் மாட்டுவண்டில் வந்து நின்றது. முதலில் இறங்கியது புட்டுப்பானை. பிறகு மாமி. பிறகு மச்சாளின் மூன்று பிள்ளைகள், மச்சாள், கடைசியில் முகம் வெளிறிய அத்தான்.

"சும்மா பாத்திட்டுப் போவமெண்டு வந்தனாங்கள்" என்றாள் மச்சாள்.

மாமி என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்கள் ரெண்டு பேரும் தனிய இருந்து என்ன செய்வியள் எண்டு யோசிச்சனான் பிள்ளை."

என் கணவர் முகட்டைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

அன்று படுக்கை பிரித்தார்கள். ஆம்பிளைகள் வெளியே. நான், மாமி, மச்சாள், பிள்ளைகள் உள்ளறையில். தாழ்ப்பாளை மாமியே போட்டார். நல்ல வைரமான தாழ்ப்பாள் என்று பாராட்டவும் செய்தார்.

காலையில் குசினியில் தொடங்கியது. தண்ணீர் சவர், உப்புக் கரிக்கிறது என்றார் மாமி. அடுப்பு புகைக்கிறது என்றார். அத்தானுக்காக அக்கா நண்டு வாங்கி வந்து காய்ச்சத் தொடங்கியிருந்தார். மாமி மூடியைத் திறந்து பார்த்து, "தேங்காய்ப்பால் விடாமல் இதென்ன குழம்பு? நாரந்தனையிலை இதை நாய்க்கும் வைக்கமாட்டம்" என்றார். அதே நேரம் வெளியே மச்சாளின் நடுவில் பையன் ஒரு ஆட்டின் மேல் ஏறியிருந்தான்.

அக்கா அகப்பையைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"இது ஆரின்ரை கிழமை?"

"என்ரை மகன்ரை" என்றார் மாமி.

"உங்கடை கிழமை எப்ப?"

"ஆவணி."

"அப்ப ஆவணியிலை வாங்கோ."

அத்தான் இடையில் புகுந்தார். "அக்கா, நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம்தானே."

"ஸ்பெயினிலை இப்பிடிச் சொன்னால் விடுவினமோ தம்பி?"

அத்தான் நண்டுச் சட்டியைப் பார்த்தார். மாமி என் பக்கம் திரும்பினார். மருமகள் ஒரு வார்த்தை சொல்லவேண்டிய நேரம் அது. 'அவை நிக்கட்டும் அக்கா' என்றால் போதும். நான் குனிந்து அரிசி களைந்தேன். இரண்டாம் தரம் களைந்தேன். மூன்றாம் தரமும் களைந்தேன். அவ்வளவு சுத்தமான சோற்றை எங்கள் குடும்பம் அதற்கு முன்னும் பின்னும் தின்றதில்லை.

"அம்மா," என்றார் என் கணவர் கதவடியில் நின்று. "நாளைக்குக் காலமை வள்ளத்துக்கு வண்டில் சொல்லிவிடுறன்."

தாய்க்கு எதிராக அவர் வாய்திறந்து நான் கேட்டது அதுதான் முதல்தரம். மாமி புட்டுப்பானையைத் துடைத்துக் கட்டினார். அத்தான் மட்டும் மத்தியானம் அந்தப் பால் விடாத குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த நாள் காலையில் வண்டில் போனது. ஆட்டை விட்டுப் போகமாட்டேன் என்று நடுவில் பையன் அழுதது வண்டில் கண்ணுக்கு மறையும்வரை கேட்டது.

நன்றி சொல்ல அக்காவிடம் போனேன். "எனக்கு உங்களிலை ஒரு பட்சமும் இல்லை" என்றார். "அவ்வளவு பேர் குளிச்சால் என்ரை கிணறு வத்திப்போயிடும்." சொல்லிவிட்டு, மிச்ச நாட்கள் பகல் முழுக்க யாரோ சிநேகிதி வீட்டில் போய் இருந்தார். எங்களுக்காகப் போனாரா, அங்கே தாயக்கட்டை ஆட்டம் நடந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மிஞ்சிய நாட்களில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அவருக்கு ரொட்டி சுடத் தெரியும் என்று கண்டுபிடித்தேன். எனக்குப் பொய்க்கோபம் வரும் என்று அவர் கண்டுபிடித்தார். வெயில் தாழக் குதிரைகளைப் பார்க்கப் போவோம். நினைத்த நேரம் எழும்பினோம். தேவாரம் இல்லாமலும் விடிந்தது.

வீடு திரும்பியபோது மாமி முகம் கொடுக்கவில்லை. சோறு மட்டும் போட்டுத் தந்தார். வைகாசியில் அத்தான் லண்டன் போனார். ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. குறிகாட்டுவான் பக்கம் போவதே நின்றது. மாமியும் மச்சாளும் சண்டை பிடித்துப் பங்குபோட்ட ஆவணியில் நாங்கள் எல்லோரும் நாரந்தனையை விட்டு மூட்டை முடிச்சோடு ஓடி, யாழ்ப்பாணத்தில் ஒரு வாடகை வீட்டில் ஒன்றாக நெரிந்துகொண்டிருந்தோம். வீட்டுக்கார அக்கா மகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஒருவர் சொன்னார். இல்லை, ஆடுகளை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டார் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டாவதுதான் எனக்கு உண்மைபோலப் பட்டது.

தையில், சனம் நிறைந்த அந்த யாழ்ப்பாண வீட்டில் என் மகள் பிறந்தாள். குழந்தையை முதலில் வாங்கியவர் மாமிதான். மடியில் வைத்துக்கொண்டு இடக்கை விரல்களில் பெருவிரலை வைத்துத் தையிலிருந்து பின்னோக்கி மாதங்களை எண்ணினார். சித்திரையில் வந்து விரல் நின்றது. என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"இவளுக்கு மூக்கு எங்கடை பக்கம்" என்றார் மாமி. "சுடுதண்ணி கொதிச்சிட்டுதோ எண்டு பாக்கச் சொல்லு பிள்ளை, குளிப்பாட்ட வேணும்."

ஒன்பது மாதங்களுக்குப் பிறகு அவர் என்னைப் பிள்ளை என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.