ஒன்றரை வாட்டுச் சிநேகிதம்

பி.எஸ்ஸி. பாஸ் பண்ணின நாளிலிருந்து மலையாண்டியை யாரும் 'டேய்' என்று கூப்பிடவில்லை.

திருவாதவூரில் அவன் தெருவிலேயே பட்டம் வாங்கின முதல் ஆள் அவன்தான். அந்தப் பெருமை அவனுக்கு இல்லாமல் இல்லை, நடையிலேயே தெரியும். ஆனால் கண்மாயில் கூட நீச்சலடித்த கருத்தக்கண்ணன் அவனைக் கண்டதும் மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டு, "வாங்க சார், எப்ப வந்தீங்க?" என்று கேட்டபோது அந்தப் பெருமைக்குள் ஒரு முள் ஏறியது.

"என்னடா, சாரு மோருன்னுக்கிட்டு?" என்று சிரித்தான் மலையாண்டி.

கண்ணன் சிரிக்கவில்லை. "படிச்ச ஆளுகள வேற எப்பிடிக் கூப்பிடுறது" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

மதுரையில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் டெமான்ஸ்டிரேட்டர் வேலை கிடைத்தது. அங்கே அவன் சாரும் இல்லை, டேயும் இல்லை. ஆசிரியர் அறையில் மற்றவர்கள் இங்கிலீஷில் பேசிச் சிரிக்கும்போது புரியாமல் இல்லை. எந்த இடத்தில் தன் சிரிப்பைச் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை. சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். சொல்வான். தெரு எது என்று கேட்பார்கள். அதையும் சொன்னால் பேச்சு வெயில் பக்கம் திரும்பிவிடும். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மொட்டைமாடி அறையை வாடகைக்குப் பிடித்தான். மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தால் காலையில் அவன் கழற்றிப் போட்ட லுங்கி போட்ட இடத்திலேயே கிடக்கும்.

இந்த நிலைமையில்தான் ஹாம் ரேடியோ அவன் வாழ்க்கைக்குள் வந்தது. பரீட்சை எழுதி அரசாங்க லைசென்ஸ் வாங்கினால் சொந்தமாக ஒரு வயர்லெஸ் வைத்துக்கொண்டு, அதே லைசென்ஸ் உள்ள யாருடனும் பேசலாம். அதில் ஆளுக்கு ஒரு அழைப்புக்குறி. நாலைந்து எழுத்து, அவ்வளவுதான். யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்பதில்லை. அது அவனைக் கட்டி இழுத்தது. தானே படித்து, மோர்ஸ் தந்தி தட்டப் பழகி, முதல் தடவையிலேயே தேறினான். பட்டாளத்தில் கழித்துப் போட்ட ஒரு வால்வு ரிசீவரும், வெளிநாடு போகிற சென்னைக்காரர் ஒருவர் விற்ற கையடக்க வயர்லெஸ் ஒன்றும் அவனிடம் வந்து சேர்ந்தன. கைக்கருவி செங்கல் கனம் இருக்கும். சக்தி ஒன்றரை வாட். ராத்திரி விளக்குகூட அதைவிடக் கூடுதலாகக் கரண்டு இழுக்கும்.

மதுரையில் அப்போது இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் சிலர் இருந்தார்கள். வடக்கு மாசி வீதியில் ஹாலாஸ்யம் என்கிற பாங்கு அதிகாரிதான் அவர்களுக்குத் தலை. சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லாரும் ஒரே அலைவரிசையில் கூடி அரட்டை அடிப்பார்கள். மலையாண்டியும் ஒருநாள் துணிந்து பட்டனை அழுத்தி, இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த இங்கிலீஷ் வாக்கியத்தைச் சொன்னான். ஹாலாஸ்யம் முறையாக வரவேற்றார். ஆனால் வேறு யாரோ பட்டனை விட மறந்து சிரித்துவிட்டார்கள். அவன் சொன்ன இங்கிலீஷை அதே ராகத்தில் சொல்லிக்காட்டினதும் காதில் விழுந்தது. அன்றோடு அந்த அலைவரிசைப் பக்கம் அவன் வாய் திறக்கவில்லை.

அது எண்பத்திரண்டாம் வருஷம், ஐப்பசி. மழை விட்ட ஒரு சாயங்காலம் ரிசீவரின் குமிழைச் சும்மா திருகிக்கொண்டிருந்தான். யாரோ மோர்ஸில் கூப்பிடுவது கேட்டது. அச்சில் வார்த்த மாதிரிச் சுத்தமான தட்டல். 'யாரானாலும் வரலாம், நான் ஆர்.எஸ். ஏழு' என்றது. பதிலை எந்த அலைவரிசையில் அனுப்ப வேண்டும் என்றும் சொன்னது. அந்த அலைவரிசை இவனுடைய கைக்கருவியில் இருந்தது. ஒடிந்த குடைக்கம்பிகளைச் சேர்த்துக் கட்டி மாடியில் நட்டிருந்த ஏரியலில் அதை மாட்டி, பேசுவதற்கு அழுத்துகிற பட்டனையே தந்திக் கட்டை மாதிரித் தட்டினான்.

உடனே பதில் வந்தது. இவன் அழைப்புக்குறியை எழுத்துப் பிசகாமல் சொல்லி, இது தன்னுடைய இத்தனையாவது தொடர்பு என்று எண் கொடுத்து, நன்றி, நல்வாழ்த்து என்று முடித்தது.

மலையாண்டி நோட்டில் ஆர்.எஸ். ஏழு என்று எழுதிக்கொண்டான். ஆர் என்றால் ரஷ்யாவாகத்தான் இருக்க வேண்டும் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். இந்த மாதிரி அலை நேர்கோட்டில்தான் போகும், நூறு மைல் தாண்டுவதே அதிசயம் என்று பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கினவனும் அவன்தான். ஆனால் கோடையில் எப்போதாவது ஆகாயத்துப் படலங்கள் அலையைத் தூரத்துக்குத் தூக்கிப் போடும் என்றும் அந்தப் பரீட்சைக்குப் படித்த புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. மழைக்காலம் என்பதை அவன் யோசிக்கவில்லை. அந்த ஒரு வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அதன் பிறகு அவனுடைய நாட்களுக்கு ஒரு முதுகெலும்பு வந்தது. சிநேகிதன் தினமும் வருவான், கால் மணி நேரம்தான் இருப்பான். நேரம் மட்டும் நாளுக்கு நாள் தள்ளித் தள்ளிப் போகும். ஷிப்டு வேலைக்காரன் போலிருக்கிறது, மில்லிலோ சுரங்கத்திலோ இருப்பான் என்று மலையாண்டி கணக்குப் போட்டான். தட்டல் கொஞ்சம் பிசகினாலும் 'திரும்பச் சொல்லவும்' என்பான். கண்டிப்பான ஆள். அவனுக்காகவே மெஸ் மேசையில் விரலால் தட்டித் தட்டிப் பழகி, மலையாண்டியின் கை சுத்தப்பட்டது. பெயரைக் கேட்டுப் பார்த்தான். அதற்கு மட்டும் பதில் இல்லை. பெரிய மனுஷர்கள் தங்களைப் பற்றிப் பேச மாட்டார்கள் என்று சமாதானப்பட்டான். தைப்பொங்கல் அன்று பொங்கல் வாழ்த்தை அனுப்பினான். 'திரும்பச் சொல்லவும்' என்று வந்தது. புரிந்துகொள்ள ஆசைப்படுகிறான் என்று பூரித்துப்போய், சிநேகிதனின் தட்டல் நாகமலைக்கு அந்தப் பக்கம் மங்கி மறைகிற வரைக்கும் திரும்பத் திரும்ப அனுப்பினான்.

இதையெல்லாம் அவன் சொன்ன ஒரே ஆள் சிஹாபுதீன். டவுன் ஹால் ரோட்டுச் சந்தில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். வால்வு வாங்கப் போய்ப் பழக்கம்.

"ரஷ்யாக்காரன் உங்கிட்ட என்னதான் மாப்ள பேசுறான்?" என்று கேட்டார்.

"எம் பேரச் சொல்லுவாரு. ஒரு நம்பர் சொல்லுவாரு. நன்றி, நல்லாருங்கன்னு சொல்லுவாரு."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் பாய்."

சிஹாபுதீன் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தார். "எம் மச்சினன் அதுகூடப் பேச மாட்டான். அவனையும் சொந்தம்னுதான் வச்சிருக்கோம்" என்றார்.

மாசி பிறந்ததும் சிநேகிதன் வரவில்லை. ஒருநாள், இரண்டு நாள் என்றால் லீவு என்று விட்டிருப்பான். ஒரு வாரம் தாண்டியது. மலையாண்டி காலையிலும் மாலையிலும் ரிசீவரைப் போட்டுவிட்டு இரைச்சலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தான். கல்லூரிக்கு இரண்டு நாள் போகவில்லை. காய்ச்சலோ, விபத்தோ, அந்த ஊரில் என்ன நடந்ததோ. யாரிடம் விசாரிப்பது? கிருஷ்ணாயில் ஸ்டவ்வைப் பற்றவைக்க மனசில்லாமல் கிடந்த, மெஸ் லீவான ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான். போகிற வழியெல்லாம் அந்தப் பழைய சிரிப்பு காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. இருந்தும் வடக்கு மாசி வீதியில் இறங்கி நடந்தான்.

ஹாலாஸ்யம் பனியனும் வேட்டியுமாக வந்து கதவைத் திறந்தார். அழைப்புக்குறியைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "வாரும், வாரும். ஒருநாள் வந்துட்டு அப்புறம் காணாமப் போயிட்டீரேங்காணும்" என்று உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். மலையாண்டி நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, ஆர்.எஸ். ஏழின் ஆபரேட்டருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா, சாருக்குத் தகவல் உண்டா என்று கேட்டான்.

"ஆபரேட்டரா?" என்றார் ஹாலாஸ்யம்.

பிறகு விவரம் சொன்னார். அது ரஷ்யாக்காரர்கள் ஹாம்களுக்காகவே விட்ட செயற்கைக்கோள். ஆயிரம் மைலுக்கு மேலே பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குள் ஒரு மிஷின், தானே கூப்பிடும், தானே பதில் சொல்லும், எண்ணையும் தானே ஏற்றிக்கொள்ளும். பாட்டரியைக் காப்பாற்ற அவ்வப்போது நிறுத்தி வைப்பார்கள். சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

"இரும். உமக்கு அது பதில் சொல்லித்தா? எந்த செட்டுல?"

மலையாண்டி பையிலிருந்து கைக்கருவியை எடுத்து வைத்தான். ஏரியல் என்ன என்று கேட்டார். குடைக்கம்பி என்றான்.

ஹாலாஸ்யம் எழுந்து நின்றுவிட்டார். அம்பது வாட் வைத்துக்கொண்டு, மாடியில் ஆளுயர ஏரியலைத் திருப்பித் திருப்பி ஒரு வருஷமாகத் தவம் கிடக்கிறேன், எனக்கு ஒரு தரம்கூட அது பதில் சொன்னதில்லை என்றார். தெற்கே இதுமாதிரி யாரும் செய்து தான் கேள்விப்பட்டதில்லை என்றார். "ஸ்யாமளா, காப்பி கொண்டா. யாரு வந்திருக்கா பாரு" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, அப்போதே வயர்லெஸ்ஸைப் போட்டு மற்றவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். ஸ்பீக்கரில் ஒவ்வொருவராக வந்து பாராட்டினார்கள். அதில் ஒரு குரலை மலையாண்டிக்கு அடையாளம் தெரிந்தது. சிரித்த குரல்.

"அது மிஷின்னு தெரிஞ்சுதானே கேட்டீர்? என்னைச் சோதிச்சுப் பாக்கறீரா?" என்றார் ஹாலாஸ்யம் சிரித்துக்கொண்டே.

"ஆமா சார். சும்மாதான் கேட்டேன்" என்றான் மலையாண்டி.

ஹாலாஸ்யத்தின் மனைவி ஸ்யாமளா காப்பியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். அவன் முகத்தை ஒருதரம் பார்த்தாள்.

"அப்ப இத்தனை நாளா அந்தப் பக்கம் மனுஷாளே இல்லையா?" என்றாள்.

ஹாலாஸ்யம் அதற்குள் மறுபடி மைக் பக்கம் திரும்பிவிட்டார். மலையாண்டி காப்பியை உதடுவரை கொண்டுபோனான். சூடு அதிகம் என்று சொல்லிக் கீழே வைத்தான். கட்டாயம் சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லாரோடும் பேச வர வேண்டும் என்று ஹாலாஸ்யம் வாசல் வரை வந்து சொல்லி அனுப்பினார். சரி என்று தலையாட்டினான். அந்த வாரம் முழுக்க ஏழு மணி ஆனால் கருவியைப் போட்டுக் கேட்பான். பட்டனைத் தொட மாட்டான்.

அடுத்த சனிக்கிழமை ஆறரை வாக்கில் ஆர்.எஸ். ஏழு திரும்பி வந்தது. அதே தட்டல், அதே அழைப்பு. முன்பு நாகமலையைப் பார்த்து உட்காருகிறவன் இப்போது தலையைத் தூக்கி ஆகாயத்தைப் பார்த்தான். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மாட்டு வண்டி ஒன்று விறகுக்குப் பருத்திமார் ஏற்றிக்கொண்டு ரோட்டில் போனது. பதில் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தான். விரல் கேட்கவில்லை. தட்டினான்.

இவன் அழைப்புக்குறி திரும்பி வந்தது. எண் வந்தது. நன்றி வந்தது. எங்கேயும் ஒரு தடுமாற்றம் இல்லை, எந்த இடைவெளியும் கூடக்குறைய இல்லை. இத்தனை மாதம் எதைக் கேட்டு மெச்சினானோ அதுவே இன்றைக்கு மார்பில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. பொங்கல் வாழ்த்து அனுப்பினவன் எத்தனை பெரிய கிறுக்கன் என்று நினைத்துக்கொண்டான். அவமானமாகக்கூட இல்லை. வீட்டில் ஒரு சாவு விழுந்து, துக்கம் கேட்க ஒருவரும் வராத மாதிரி இருந்தது. இறந்தவன் இருந்ததே இல்லை என்றால் யார்தான் வருவார்கள்?

அது தேய்ந்து மறைந்தது. ரிசீவரை அணைத்தான்.

ஏழு மணிக்குக் கைக்கருவியில் வழக்கமான குரல்கள் கூடின. யார் வீட்டிலோ கல்யாணம், யாருக்கோ பல்வலி. மலையாண்டி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பேச்சு ஓய்ந்த ஒரு நேரத்தில் பட்டனை அழுத்தினான். அழுத்தியபடியே இருந்தான். விட்டான்.

"யாரோ பட்டனை அழுத்திண்டு பேசாம இருக்கா" என்றது ஹாலாஸ்யத்தின் குரல், இந்தத் தடவை தமிழில். "யாரா இருந்தாலும் பரவால்ல. அவசரமில்ல, சொல்லுங்கோ. இருக்கோம்."

மலையாண்டி மறுபடி அழுத்தினான். அழைப்புக்குறியைச் சொல்லவில்லை. மனப்பாடம் செய்தது எதுவும் ஞாபகத்தில் இல்லை.

"நான் மலையாண்டி பேசுறேன் சார். அன்னைக்கு உங்க வீட்டுல பொய் சொல்லிட்டேன். அது மிஷின்னு எனக்குத் தெரியாது. ஆளுன்னு நெனச்சுத்தான் சார் இம்புட்டு நாளும் பேசிக்கிட்டிருந்தேன்."

பட்டனை விட்டான்.

கருவிக்குள் இரைச்சல் மட்டும் இருந்தது. பிறகு அந்தப் பக்கம் யாரோ பட்டனை அழுத்துகிற சத்தமும், பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்வதும் கேட்டன.