ராஜ்தாயி மறைக்க மறுத்த பெயர்கள்

டிரினிடாட்டின் பீனால் ஊரில் பங்ச்சர் கடை வைத்திருந்த ராஜ்தாயி, புருஷன் கரும்பு லாரி கவிழ்ந்து இறந்தபின் இரண்டு வருடம் சரியாகத் தூங்கவில்லை. யாரோ சொல்லி, வெளிநாட்டில் தலைமையகம் உள்ள ஒரு தியான இயக்கத்தின் வகுப்பில் சேர்ந்தாள். தூக்கம் வந்தது. அதோடு விடாமல், படித்து ஆசிரியையும் ஆனாள்.

"டயருக்குக் காத்தடிக்கிறவ நமக்கு மூச்சு விடக் கத்துத் தராளாம்!" என்று ரம் கடையில் சிரித்தோம்.

"உன் டியூப்லதான்டா மொதல்ல ஓட்டை," என்றாள் அந்த வழியே போன ராஜ்தாயி, என்னைப் பார்த்து. அடுத்த வாரமே போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

மந்திரம் கொடுக்கும் முன் விளக்கேற்றி, செம்பருத்தி வைத்து, இயக்கத்தை நிறுவியவரின் குரு, அவருடைய குரு என்று பத்துத் தலைமுறைப் பெயர்களைச் சொல்வாள். நகமெல்லாம் ரப்பர் கறுப்பு. உச்சரிப்பில் பிசிறே இருக்காது.

ஊர்க் கோயில் பூசாரி பண்டிட் ஹரிலாலுக்கு இது பிடிக்கவில்லை. "வெளிநாட்டுல பொட்டலம் கட்டி அனுப்புறது நம்ம தர்மமா, மகளே?"

"பொட்டலம் எப்படியோ இருக்கட்டும் பண்டிட்ஜி. உள்ள இருக்கிறது நம்ம குருமார் பேருதானே?"

அப்போதுதான் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. எல்லா மதப் பிள்ளைகளும் படிக்கும் டிரினிடாட் பள்ளிகளில் வகுப்பு தொடங்கப்போகிறார்கள். இனி விளக்கு, பூ, பெயர்கள் எதுவும் கூடாது. மந்திரம் வெறும் ஒலி என்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. தேவாலயத்தில் பாடும் வெர்னா எழுந்தாள். "நேரா சொல்லுங்க. இது இந்துக்களோட வழிபாடா?"

"மதத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா," என்றார் இயக்கத்தின் பொறுப்பாளர் ஹாலிஸ்.

ராஜ்தாயி எழுந்தாள்.

"சம்பந்தம் இருக்கு வெர்னா. இது இந்து குருமார் வழியா வந்தது. மந்திரம் எங்க தெய்வத்தோட பேரு. உன் பிள்ளைக்கு அது வேணாம்னா, சும்மா மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தர்றேன். பொய் சொல்லி உட்கார வைக்க மாட்டேன்."

பள்ளி பின்வாங்கியது. இயக்கம் அவள் சான்றிதழைப் பறித்தது. ஹாலிஸ் கோபப்படவில்லை, "எத்தனையோ பிள்ளைங்களுக்குக் கதவைச் சாத்திட்டீங்க, மிஸ் ராஜ்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது அவளை உலுக்கிவிட்டது.

"அவர் சொன்னதும் நியாயம்தானே? மறைச்சாவது நல்லது போய்ச் சேரட்டும்னு விட்டிருக்கலாமோ?" என்று என்னிடம் கேட்டாள்.

பண்டிட் மட்டும் மகிழ்ச்சியாக வந்தார். "கோயில் மண்டபத்தை எடுத்துக்கோ. நம்மவங்களுக்கு மட்டும் சொல்லிக்கொடு."

"எனக்குக் குடுத்தப்ப பொம்பளைன்னு தள்ளல, என்ன சாதின்னு கேக்கல. நீங்க திட்டுற அந்த இயக்கம்தான் குடுத்துச்சு. எல்லாரும் வரலாம்னா நானும் வர்றேன்."

பண்டிட் முகம் சிவந்து திரும்பிப் போனார். மூன்று வாரம் கழித்து மண்டபச் சாவியை அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

இப்போது சனிக்கிழமை தோறும் அங்கே வகுப்பு. மந்திரம் வேண்டியவர்கள் உள்ளே விளக்கின் முன், மூச்சு போதும் என்பவர்கள் வெளியே வராந்தாவில். வெர்னா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்காருகிறாள். போன மாதம் ஹாலிஸும் யாரிடமும் சொல்லாமல் வந்தார். ராஜ்தாயி பத்துப் பெயர்களையும் சொல்லி முடிக்கும்வரை வாசலிலேயே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.