அபாயம், நானூறு வோல்ட்

அந்தத் தெருவில் யாராவது "அபாயம் வர்றாருப்பா" என்று குரல் கொடுத்தால் ஒருவரும் ஓட மாட்டார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்க அபாயம், டீ சொல்லவா?" என்பார்கள். மனிதர் அவ்வளவு சாது. முப்பது வருஷமாக அவர் எழுதிவரும் பலகைகளில் முதல் வார்த்தை அதுதான் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணமான புதிதில் அவர் மனைவிக்குத்தான் கொஞ்சம் வருத்தம். "அபாயத்துக்கு வாக்கப்பட்டவள்னு ஊரே சொல்லுது" என்று மூக்கைச் சிந்தினாள். பிறகு அவளே அதைச் சொல்லிச் சிரிக்கப் பழகிவிட்டாள். சிரித்தால் இடது பக்கம் ஒரு தெற்றுப்பல் எட்டிப் பார்க்கும்.

தகரத்தை முக்கோணமாக வெட்டி, மஞ்சள் அடித்து, நடுவில் மண்டையோடு, அதன் கீழே 440 வோல்ட். இதுதான் அவர் தொழில். மோட்டார் ஓடும் இடங்களில் சூட்டிலும் ஈரத்திலும் ஸ்டிக்கர் நிற்காது, உரிந்துவிடும். அதனால் அபாயத்துக்கு வேலை குறைந்ததே இல்லை. முதன்முதலில் யாரோ கொடுத்த பழைய போர்டைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி அடித்தவர், அந்த 440ஐ அப்படியே முப்பது வருஷம் எழுதிக்கொண்டிருந்தார். அது என்ன கணக்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவரைப் பொறுத்தவரை அது எண்ணே அல்ல, படம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலி, அப்புறம் ஒரு முட்டை.

அவர் சொந்தமாகச் செய்தது ஒன்றே ஒன்று, மண்டையோட்டின் பல். அந்தப் பழைய போர்டில் பல் இருந்த இடம் துருப்பிடித்துப் போயிருந்தது. எதைப் பார்த்து வரைவது என்று முழித்துக்கொண்டிருந்தபோது எதிரே மாமனார் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். அகல அகலமான பல், மேல்வரிசையில் நடுவே ஒன்று இல்லை. அதையே போட்டுவிட்டார். மாமனார் கோபித்துக்கொள்ளவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் போர்டைக் காட்டி, "யாருன்னு தெரியுதா?" என்று இளித்தார். அவர் காலமாகி ஆறு வருஷமாகிறது. அதன் பிறகு எந்தச் சுவரில் அந்தப் போர்டைப் பார்த்தாலும் அவர் மகள், அதாவது அபாயத்தின் மனைவி, ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவாள்.

அவள் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. அங்கிருந்தே ஒரு நாள் அபாயத்துக்கு ஆர்டர் வந்தது. ஆர்டர் கொடுத்தவள் புதிதாக வந்திருந்த எலக்ட்ரீஷியன் பெண். காதில் பென்சிலைச் சொருகிக்கொண்டு படபடவென்று பேசுவாள்.

"அண்ணா, வழக்கம் போல 440ன்னு எழுதிடாதீங்க. 400ன்னு போடுங்க."

"போன மாசம் ஒரு மில்லுல 415ன்னு கேட்டாங்களே மேடம்?"

"அது பழைய கணக்கு. 440 அதுக்கும் பழைய கணக்கு."

"அப்படின்னா கரண்ட் வருஷா வருஷம் குறைஞ்சுகிட்டே வருதா?"

அவள் சிரித்துவிட்டாள். "கிட்டத்தட்ட எல்லாம் ஒண்ணுதான் அண்ணா. பேர்தான் மாத்தி மாத்தி வெச்சிருக்காங்க."

"மீட்டர் வெச்சுப் பார்த்தா 400 காட்டுமா?"

"இப்ப பார்த்தா 408 காட்டும். சாயங்காலம் லோடு ஏறினா 390."

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவருக்கு. ஒரு எண்ணைக் கேட்கப் போனால் கையில் ஐந்து எண். சரி, போர்டு எங்கே வருகிறது என்றாவது பார்ப்போம் என்று டேப்பையும் வெட்டி வைத்த தகர முக்கோணத்தையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார்.

சலவைக்கூடத்தில் தரை எப்போதும் ஈரம். பீப்பாய் அளவு துவைக்கும் இயந்திரங்கள் நான்கு, வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருந்தன. அழுக்குப் போர்வை ஒரு வண்டியில், துவைத்த போர்வை ஒரு வண்டியில். மூலையில் ஆள் உயர இரும்புப் பெட்டி. அந்த நான்கு இயந்திரங்களுக்கும் அதிலிருந்துதான் கரண்ட் போகிறது. பெட்டியின் கதவுப் பூட்டு உடைந்து, கதவு நாலு விரல் திறந்து கிடந்தது. உள்ளே சிவப்பு, மஞ்சள், நீலம் என்று விரல் தடிமனில் வயர்கள். பெட்டிக்குள் ஒரு சின்ன ஃபேன் சுற்றி, திறப்பு வழியாகச் சூடான காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் காய்வதற்காகக் கதவின் மேல் ஒரு ஏப்ரன் தொங்கியது. ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

நீல ஏப்ரன். அதன் பையில் ஒரு மஞ்சள் கறை. அந்தக் கறை எப்படி வந்தது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். வீட்டுக் கொடியில் அது காய்ந்துகொண்டிருந்தபோது அவருடைய பிரஷ்தான் பட்டது.

ஏப்ரனை வெடுக்கென்று இழுத்து எடுத்தார்.

"பார்த்தீங்களா? ஒரு அக்கா. சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது" என்றாள் எலக்ட்ரீஷியன். "என் தலை மறைஞ்சதும் மறுபடி மாட்டிடறாங்க. அந்த அக்காவைப் பார்த்து இப்ப மத்தவங்களும் ஆரம்பிச்சிருக்காங்க. புதுக் கதவு வர ரெண்டு வாரம் ஆகுமாம். மெஷினை நிறுத்தினா ஆஸ்பத்திரிக்குப் போர்வை இல்லை. அதனாலதான் அதுவரைக்கும் போர்டாவது வைப்போம்னு உங்களைக் கூப்பிட்டேன்."

அந்த அக்கா தன் வீட்டுக்காரி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் அபாயம் எழுதினவர் வீட்டில் இந்த லட்சணம். ஏப்ரனை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மேடம், இந்தத் தண்ணி உள்ள போய், கையும் பட்டுதுன்னா எத்தனை வோல்ட் அடிக்கும்? எனக்குச் சரியாச் சொல்லுங்க."

"ஒரு வயர்னா 230. ரெண்டு வயர் சேர்ந்தா 400."

"ரெண்டு 230 சேர்ந்தா 460 இல்லையா?"

"இல்லை, 400."

"மூணும் சேர்ந்தா 690?"

"அப்பவும் எந்த ரெண்டை எடுத்தாலும் 400தான்."

"மிச்ச இருநூத்தித் தொண்ணூறு எங்க போச்சு?"

அவர் கையிலிருந்த வெற்றுத் தகர முக்கோணத்தை அவள் வாங்கினாள். சாக்பீஸால் மூன்று மூலையிலும் மூன்று வயரைக் குறித்தாள். "மூணும் ஒரே நேரத்துல ஏறி ஒரே நேரத்துல இறங்கறதில்லை அண்ணா. ஒண்ணு மாத்தி ஒண்ணு. அதனால நேராக் கூட்ட முடியாது. வோல்ட்டே இல்லாத நியூட்ரல் வயர் நட்ட நடுவுல இருக்கு. நடு எங்கேன்னு நீங்களே குறிங்க. அங்கிருந்து மூலைக்கு எவ்வளவுன்னு அளங்க."

முக்கோணத்தின் நடு அவருக்குத் தண்ணி பட்ட பாடு. மண்டையோட்டின் மூக்கு அங்கேதான் வரும். அளந்தார். இருபத்திமூன்று சென்டிமீட்டர், மேலே ஒரு மில்லி.

"இப்ப மூலைக்கு மூலை?"

அதை அளக்கவே வேண்டாம். வெட்டியதே அவர்தான். நாற்பது.

அவர் அந்தத் தகரத்தைப் பார்த்தபடியே நின்றார். முப்பது வருஷம் 440 என்று எழுதின முக்கோணத்துக்குள்ளேயே 230ம் 400ம் உட்கார்ந்திருக்கின்றன. ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. வாசலைத் தாண்டுவதற்குள் மறந்தும் போனது. சென்டிமீட்டருக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம்?

வீட்டுக்கு வந்து, ஏப்ரனை மனைவி முன்னால் போட்டார். அவள் அசரவில்லை.

"ஓ, நீங்கதான் எடுத்துட்டுப் போனீங்களா? நான் ஊரெல்லாம் தேடினேன்."

"அது உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு? ஒரு வயர்ல 230, ரெண்டு வயர்ல 400!"

"நம்ம வீட்ல எத்தனை?"

"230."

"அப்ப ஒரு வயர்னா நம்ம வீட்டுக் கரண்ட்தானே அதுவும்?"

"ஆமா. இல்லை... ஆமா. ஆனா ரெண்டுன்னா..."

"நான் எதுக்குங்க ரெண்டைப் பிடிக்கப் போறேன்? ஒண்ணையே பிடிக்கலை. கதவு மேல துணி போடறேன், அவ்வளவுதான். நம்ம இஸ்திரிப் பெட்டி என்னை ரெண்டு தடவை அடிச்சிருக்கு. செத்தா போயிட்டேன்?"

இந்தப் பேச்சில் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. உண்மையைச் சொல்லப் போய் அவளுக்கு இன்னும் தைரியத்தைக் கொடுத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"230லயும் ஆளு போயிருக்காங்கம்மா. காஞ்ச கை வேற, ஈரக் கை வேற."

"யாரு போனாங்க?"

அவருக்கு ஒரு பெயரும் தெரியவில்லை.

"அந்த மேடம் அங்க போர்டு வைக்கச் சொல்லியிருக்கு. அதைப் பார்த்தாவது பயப்படு."

"உங்க போர்டுக்கா?" அவள் சிரித்தாள். தெற்றுப்பல் தெரிந்தது. "அதைப் பார்த்தா எனக்கு எங்கப்பா ஞாபகம்தாங்க வருது. 'வாம்மா, உக்காரு'ன்னு கூப்பிடற மாதிரி இருக்கும்."

முப்பது வருஷமாக ஊரைப் பயமுறுத்தப் போட்ட படம், தன் வீட்டுக்காரியை மட்டும் கிட்டே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்குப் போயிருந்தாள். அவர் வாசலில் உட்கார்ந்து மஞ்சள் அடித்தார். 400 என்று எழுதினார். மண்டை, கண்குழி, மூக்கு எல்லாம் கை பழக்கத்தில் வந்தன. பல்லுக்கு வந்ததும் கை தானாக மாமனாரை வரையப் போனது. டர்பன்டைனில் துணியை நனைத்துத் துடைத்தார். மறுபடி போனது. மறுபடி துடைத்தார். மூன்றாம் முறை, மெல்லிய பிரஷை எடுத்து, சின்னச் சின்னப் பற்களாக வைத்துக்கொண்டே வந்தார். இடது பக்கம் வந்ததும் நிறுத்தினார். எந்தப் பல்லின் மேல் எந்தப் பல் ஏறியிருக்கும், எவ்வளவு சாய்ந்திருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். முப்பது வருஷமாக எதிரில் உட்கார்ந்து பார்த்த பல். ஒரே இழுப்பில் போட்டார்.

போட்டுவிட்டுப் பார்த்தார். பிரஷை வைத்துவிட்டு அழுதார். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன அபாயம், கண்ணுல பெயிண்ட்டா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலை போர்டை மாட்டி முடித்தபோது சலவைக்கூடத்தின் உள்ளறையிலிருந்து மனைவி வருவது தெரிந்தது. அவர் சட்டென்று போர்வை வண்டிக்குப் பின்னால் ஒதுங்கினார். அவளுடன் இன்னொரு பெண்ணும் வந்தாள். மனைவியின் தோளில் ஈர ஏப்ரன் கிடந்தது. அவள் கதவுக்கு முன் வந்து, மாட்டுவதற்குக் கையைத் தூக்கினாள்.

தூக்கின கை அப்படியே நின்றது.

"அக்கா, என்ன இது, அப்படியே உங்க..." என்று ஆரம்பித்த அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மனைவியின் உதட்டுக்குள் நாக்கு இடது பக்கம் போய் எதையோ தொட்டுப் பார்ப்பது அவருக்கு வண்டி மறைவிலிருந்தே தெரிந்தது. ஏப்ரனை மெதுவாகத் தோளிலிருந்து எடுத்து, நாலாக மடித்தாள். பெட்டியிலிருந்து நாலடி பின்னால் வந்தாள். பக்கத்தில் நின்றவளையும் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

சாயங்காலம் வீட்டில் டம்ளரை நங்கென்று அவர் முன் வைத்தாள்.

"உசுரோட இருக்கும்போதே படம் போட்டுட்டீங்களே, கை கூசலையா உங்களுக்கு?"

"கூசிச்சு."

"அப்புறம் எதுக்குப் போட்டீங்க?"

"எனக்கு அந்தக் கணக்கு புரியலைம்மா. 230ங்கறாங்க, 400ங்கறாங்க, சிலர் 415ங்கறாங்க. உனக்கு எதைச் சொல்றதுன்னே தெரியலை. உன் பல்லு ஒண்ணுதான் எனக்குச் சரியாத் தெரிஞ்சுது."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கே போய் அழிங்க" என்றாள். பூட்டோடு கதவு வந்ததும் அழிக்கிறேன் என்றார். அதுவரை அந்தப் பெட்டியின் மேல் ஒரு கைக்குட்டைகூடக் காயவில்லை.

சொன்னபடி இரண்டாவது வாரம் புதுக் கதவு வந்தது. போர்டையும் அதற்கு மாற்றினார்கள். அபாயம் ஒரு சின்ன வெள்ளை டப்பாவும் மெல்லிய பிரஷும் எடுத்துக்கொண்டு போனார். அவர் பெட்டி முன்னால் குந்தியிருந்தபோது, சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போர்டைப் படித்தார்.

"400ன்னு இருக்கே. 415ன்னு இல்ல இருக்கணும்?"

"போட்டுடலாம் சார். நீங்க எது சொல்றீங்களோ அது" என்றார் அபாயம், திரும்பிப் பார்க்காமலே. "ஒரு நிமிஷம் இருங்க, முதல்ல இந்தப் பல்லை எடுத்துடறேன்."