ஒரு வாய் டீ விழுங்கும் நேரம்

என் தம்பிக்கு வேலை, ஊரார் வாயைப் பார்ப்பது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பல்கலைக்கழகமே அதற்குச் சம்பளம் கொடுக்கிறது. தையல் கடை, மருந்துக் கடை என்று ரெக்கார்டரை வைத்துவிட்டு வந்து, பேசியவர்கள் எங்கே இழுத்தார்கள், எங்கே மூச்சு விட்டார்கள் என்றுகூட விடாமல் தட்டச்சு செய்வான். பேச்சு வெறும் பேச்சல்லவாம், காரியமாம். குப்பைக் கூடை நிரம்பிவிட்டது என்று நான் சொன்னால், அது செய்தி அல்ல, கோரிக்கை என்று விளக்குவான். விளக்கிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே இருப்பான். கூடையை நான்தான் கொண்டுபோய்க் கொட்டுவேன்.

அவனோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோ ஒருவர் தையல்காரரிடம் சட்டைக் கை இறுக்குகிறது என்று குறைபட்டதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். இரண்டு வருஷமாக இதே கூத்து. அவள் வருகிற நாளில் மட்டும் இவன் சட்டைக்கு இஸ்திரி போடுவான். எனக்குப் புரியாதா? கேட்டுத் தொலையேன்டா என்று நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன். இப்போது அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. போன வாரம் வந்ததுதான் கடைசிச் சனிக்கிழமை.

இவனுக்கு ஒரே பயம். சம்மதம் என்றால் ஜனங்கள் சட்டென்று சொல்லிவிடுவார்களாம். முடியாது என்பதற்குத்தான் முதலில் மௌனம் வருமாம், அப்புறம் 'அது வந்து' என்று இழுப்பார்களாம். கேட்டவர் அந்த மௌனத்திலேயே புரிந்துகொண்டு, மானம் போகாமல் பின்வாங்கிவிடுவாராம். ஆயிரம் பதிவில் பார்த்திருக்கிறானாம்.

அன்று இருவருக்கும் டீ கொடுத்துவிட்டு, அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்று கேட்கலாமா என்றான். கேளுங்க என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டேவிட்டான். அப்பாடா, என் வயிற்றில் பால் வார்த்தான்.

பதில் இல்லை.

"பரவால்ல. உங்களுக்குப் புது வேலை, புது ஊரு. சும்மாதான் கேட்டேன், விட்டுடுங்க" என்றான்.

எட்டிப் பார்த்தேன். அவள் கன்னம் உப்பியிருந்தது, கண்ணில் தண்ணீர். கொதிக்கிற டீயை ஒரு வாய் வாங்கிவிட்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருக்கிறாள். இவன் நிமிர்ந்து பார்த்தால்தானே? மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். ரெக்கார்டரில் முகமா தெரிகிறது, அந்தப் பழக்கம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியோடு வெளியே வந்தேன். "அறிவுகெட்டவனே, அவ வாயில டீடா. மறுபடி கேளு."

காது மடல் சிவக்க நிமிர்ந்தான். "இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா, நாம ரெண்டு பேரும்..."

"சரி" என்றாள்.

"நான் இன்னும் கேட்டே முடிக்கலையே."

"முடிக்க விட்டா, வேண்டாம்னும் நீங்களே சொல்லிடுவீங்க" என்றாள் அவள்.