பத்த வைக்கச் சொன்னது நானா?

ஆலங்குடி பஸ்ஸுக்கு நான் டிரைவர். ஒருநாள் புதுக்கோட்டையில் நிற்கும்போது பெட்ரோல் வரும் செம்புக் குழாய் விரிசல்விட்டு ஒழுகியது. ஈயம் பற்றவைக்கும் தகரக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "குழாயைப் பத்த வைக்கணும்ங்க" என்றேன். அதைக் கழற்ற நான் ஸ்பானர் எடுத்து வருவதற்குள், அந்த மகானுபாவர் பழுக்கக் காய்ச்சிய சூட்டுக்கோலோடு வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார்.

குப்பென்று தீ! உள்ளே இருந்தவர்கள் அலறிக்கொண்டு குதித்தார்கள். மண்ணை வாரிக் கொட்டி அணைத்தோம். மீசை கருகி வெளியே வந்தவர் என்னை முறைக்கிறார்: "நீங்கதானே பத்த வைக்கச் சொன்னீங்க?"

இப்போதெல்லாம் பெட்ரோலை வடித்து, குழாயை நானே கழற்றி, வெந்நீரில் அலசி, காயவைத்து, வேறு கடைக்குத்தான் கொண்டுபோகிறேன். "ஓட்டையை அடைங்க" என்பதோடு என் பேச்சு முடிந்துவிடும். அந்த மடையருக்கு இனி பீடி பத்த வைக்கக்கூட நெருப்புத் தரமாட்டேன்.